கியர் ஆயிலில் தொடங்கிப் பின் பிரேக்கில் தெரிந்த கோளாறு: வீட்டில் செய்த ஸ்கூட்டர் சர்வீஸ் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வில் இடம்பெறும் வண்டி 110 சிசி திறன் கொண்ட, கையால் கியர் மாற்றத் தேவையில்லாத சாதாரண ஸ்கூட்டர். முன்னும் பின்னும் கேபிளால் இயங்கும் டிரம் பிரேக் உள்ள அந்த வண்டி, கோளாறு ஏற்பட்டபோது 40,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. நாள்தோறும் வேலைக்கு அதை ஓட்டிச் செல்பவர் ஒரு பெண்மணி. பராமரிப்பைக் கவனித்துக்கொள்பவர் அவருடைய தம்பி. தம்பி மெக்கானிக் வேலையை முறைப்படி கற்றவரல்லர். ஆனாலும் இன்ஜின் ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்ப்பது, பிரேக் தளர்வைச் சரிசெய்வது ஆகிய வேலைகளை வண்டியின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சில ஆண்டுகளாகக் குறையின்றிச் செய்து வந்தவர். நான் அந்தக் குடும்பத்தின் நண்பன், ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் வேலையில் நெடுநாள் இருந்தவன். கோளாறு வெளிப்பட்ட பின்னரே என்னை அழைத்தார்கள். எனவே இப்பதிவின் முற்பகுதி அவர்கள் இருவரும் சொன்னவற்றையும், தம்பி ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்த சில வரிகளையும் அடிப்படையாகக் கொண்டது.

வேலை நடந்த இடம், கார் ஒன்றை நிறுத்தும் அளவுள்ள வீட்டுக் கொட்டகை. மூன்று பக்கமும் சுவர், ஒரு பக்கம் இழுப்புக் கதவு, ஜன்னல் இல்லை. கழுவும் நீர் தேங்காமல் இருப்பதற்காகத் தரை கதவை நோக்கிச் சற்றே சரிவாகப் போடப்பட்டிருந்தது. பார்த்தால் சரிவு இருப்பதே தெரியாது. இந்தச் சரிவு பின்னால் ஒரு சிறு கேள்வியாக எழுந்தது என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

வண்டியின் அமைப்பில் ஒன்றை விளக்கினால்தான் நடந்தது புரியும். இவ்வகை ஸ்கூட்டரில் இன்ஜினின் சுழற்சி பெல்ட் வழியாகப் பின்புறம் வந்து, சக்கரத்தை அடையும் முன் ஒரு சிறிய கியர் பெட்டியைக் கடக்கிறது. அந்தப் பெட்டிக்கு இன்ஜின் ஆயிலோடு எந்தத் தொடர்பும் இல்லை. தனியாக மிகக் குறைந்த அளவு ஆயில் அதற்குள் இருக்கும். இந்த வண்டியின் கையேடு, மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவை 120 மில்லி லிட்டர் என்று குறிப்பிடுகிறது. பெட்டியிலிருந்து வெளியே நீளும் தண்டின் மீதே பின்சக்கரம் மாட்டப்படுகிறது. சக்கரத்தின் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூக்கள் பெட்டியின் வெளிமுகத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே கியர் ஆயிலுக்கும் பிரேக் ஷூவுக்கும் நடுவில் நிற்பது ரப்பர் உதடு கொண்ட ஓர் ஆயில் சீல் மட்டுமே.

அன்று செய்யப்பட்ட வேலைகள்

வழக்கமான சர்வீஸ் நாளில் இன்ஜின் ஆயில் மாற்றப்பட்டது, ஏர் ஃபில்டர் தூசி தட்டி மாட்டப்பட்டது, பிளக் இடைவெளி அளக்கப்பட்டது, பின் பிரேக்கின் தளர்வு குறைக்கப்பட்டது. கூடவே கியர் ஆயிலையும் மாற்றிவிடலாம் என்று தம்பி முடிவு செய்தார். இந்த வண்டியில் அந்த வேலையை அவர் செய்வது அதுவே முதல்முறை. கியர் பெட்டிக்கும் அதே தர ஆயிலை ஊற்றலாம் என்று கையேட்டிலேயே இருந்தது. ஆகவே இன்ஜினுக்கு ஊற்றியது போக ஒரு லிட்டர் பாட்டிலில் மிஞ்சியதையே பயன்படுத்தினார். தரத்தைப் பொறுத்தவரை அவர் செய்தது சரி.

அளவில்தான் பிசகு நேர்ந்தது. இதற்கு முன் அவர் வேறொரு ஸ்கூட்டரில் கியர் ஆயில் மாற்றியிருக்கிறார். அதில் ஆயில் ஊற்றும் துளையே மட்டத்தைக் காட்டும் துளையும்கூட. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, துளையின் கீழ் விளிம்பை ஆயில் எட்டும்வரை ஊற்றினால் போதும். மிகுதி தானே வெளியே வழிந்துவிடும். இந்த வண்டியிலோ ஊற்றும் துளை பெட்டியின் மேற்பகுதியில் இருக்கிறது. இங்கே துளைக்கும் மட்டத்துக்கும் தொடர்பில்லை, அளந்து ஊற்றுவது ஒன்றே வழி. தம்பி பழைய பழக்கப்படி, துளையில் ஆயில் கண்ணுக்குத் தெரியும்வரை ஊசிக்குழலால் ஏற்றினார். கையேட்டைப் பார்க்காமல் விட்டார் என்று சொல்வதும் பொருந்தாது. இன்ஜின் ஆயில் பக்கத்தைப் பார்த்தார், ஆயில் தரத்தைப் பார்த்தார்; கியர் ஆயிலின் அளவு மட்டும் அடுத்த பக்கத்தில் ஓர் அட்டவணைக்குள் இருந்தது.

இன்னொன்றும் அன்று நடந்தது. இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலும் கியர் பெட்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலும் ஒரே தட்டில் விழுந்தன. தனியாகப் பிடித்திருந்தால், பழையது எவ்வளவு வந்தது, புதியது எவ்வளவு போகிறது என்ற வேறுபாடு அங்கேயே கண்ணில் பட்டிருக்கும்.

முதல் அறிகுறிகள்

சர்வீஸ் முடிந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடிய நிலையில் அக்கா முதல் குறையைச் சொன்னார். அவர் சொன்ன வாசகம் இது: “பிடிச்சா நிக்குது, ஆனா கொஞ்சம் வழுக்கிட்டுப் போய் நிக்குது. சில நேரம் திடீர்னு கவ்வுது.” தேய்ந்த ஷூவோ நீண்டுபோன கேபிளோ இப்படி நடந்துகொள்ளாது. தேய்மானத்தில் பிரேக் லீவர் வரவர ஆழமாகப் போகும். பிடிமானத்தின் தன்மை நேரத்துக்கு நேரம் மாறாது. வழுக்குவதும் கவ்வுவதும் மாறி மாறி வந்தால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் ஏதோ புகுந்திருக்கிறது என்று முதலில் நினைப்பது தொழிலில் இருப்பவர்களின் வழக்கம்.

ஆனால் அன்றைய சர்வீஸில் பிரேக் தளர்வும் தொடப்பட்டிருந்தது. ஆகவே தம்பியின் கவனம் இயல்பாகவே அங்கே சென்றது. “கேபிள் படிஞ்சிருக்கும்க்கா, ரெண்டு சுத்து இறுக்கினா சரியாயிடும்” என்று சொல்லி, பின்சக்கரத்தருகே கேபிள் இழுக்கும் பிரேக் கையின் முனையிலுள்ள நட்டை இறுக்கிக் கொடுத்தார். முதலில் நன்றாக இருப்பதுபோலவே தோன்றியது. சில நாட்களில் பழைய குறை திரும்பியது, மறுபடியும் இறுக்கினார். இதனால் ஷூக்கள் எப்போதும் டிரம்மை லேசாக உரசிக்கொண்டே சுழலும் நிலை உண்டாகி, சக்கரத்தின் நடுப்பகுதி சூடாகத் தொடங்கியது. சூட்டில் ஆயில் மேலும் இளகும், சீலின் ரப்பரும் மேலும் வருந்தும். குறையைத் தீர்க்கச் செய்த வேலை, குறையின் காரணத்துக்குத் துணைபோனது இந்தக் கட்டத்தில்தான்.

அதன்பின் ஒருநாள் காலையில் பின்சக்கரத்துக்கு நேர்கீழே தரையில் ஒரு கரும்பொட்டு தெரிந்தது. சக்கரத்தின் உட்பக்க ரிம்மில், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விசிறிபோல் விரிந்த கோடுகளில் தூசி ஒட்டியிருந்தது. டயரின் பக்கச்சுவரிலும் ஓரிடத்தில் பளபளப்பு. அதைப் பார்த்த பிறகே எனக்கு அழைப்பு வந்தது. வண்டியை எடுக்க வேண்டாம், நான் வருகிறேன் என்று சொன்னேன். முன் பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது, மெதுவாக ஓட்டிப் போய்விடலாமே என்று அக்கா கேட்டது நியாயமான கேள்விதான். பிரேக் பலவீனம் மட்டும் என்றால் யோசித்திருக்கலாம். கசியும் ஆயில் டயரின் தரைபடும் பகுதிக்கு வந்துவிட்டால் வளைவில் பின்சக்கரம் சறுக்கும், அப்போது முன் பிரேக் உதவிக்கு வராது. டயரின் பக்கச்சுவர் ஏற்கெனவே நனைந்திருந்ததால் வண்டியை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்பதே என் முடிவு.

ஆராய்ந்த முறை

ஆயில் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை எளிது. பின் பிரேக் கேபிளால் இயங்குவது, அதில் பிரேக் ஆயில் கிடையாது. இன்ஜின் ஆயிலின் சீல்கள் இருக்கும் இடம் பின்சக்கரத்தின் நடுப்பகுதியிலிருந்து வெகுதூரம். மிஞ்சியது கியர் பெட்டி ஒன்றே. பிரேக் கையிலிருந்த தேய்மான அம்பும் எல்லைக் கோட்டைத் தொடவில்லை. அதாவது ஷூவின் கனத்தில் குறையில்லை.

ஏன் கசிகிறது என்பதே ஆராய வேண்டியதாக இருந்தது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய சீல் கெட்டிப்பட்டுத் தானாகக் கசிவது புதுமையல்ல. ஆனால் கடைசியாகக் கைவைத்த இடம் எது என்று கேட்டபோது கியர் ஆயில் என்ற பதில் வந்தது. எவ்வளவு ஊற்றினாய் என்று கேட்டபோது பதில் வரவில்லை. தம்பியின் நோட்டில் “இன்ஜின் 700” என்று இருந்தது, கியருக்கு எண் இல்லை. ஒரு லிட்டர் பாட்டிலின் அடியில் ஒரு விரல் உயரத்துக்கும் குறைவாகவே மிச்சம் இருந்தது. கணக்குப் பார்த்தால் 120 மில்லி லிட்டர் போக வேண்டிய இடத்தில் இருநூற்றைத் தாண்டியது போயிருக்க வேண்டும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. உடனே சக்கரத்தைக் கழற்றி சீலைப் பார்ப்பதா, அதற்கு முன் ஆயிலை வடித்து அளப்பதா? அளப்பதையே முதலில் செய்தோம். சீலைக் கழற்றிய பிறகு ஆயில் எவ்வளவு இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது; அந்தத் தடயம் ஒருமுறைதான் கிடைக்கும். வடிகால் போல்ட்டைத் திறந்து, கோடு போட்ட அளவுக் குவளையில் சொட்டு நிற்கும்வரை பிடித்தோம். குவளை காட்டியது 185. தரையிலும் டிரம்மிலும் போனது இதில் சேரவில்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்று வெளியேறுவதற்கான காற்றுக்குழாயை இழுத்துப் பார்த்தபோது அதன் உட்புறமும் ஆயிலால் நனைந்திருந்தது. சீல் மட்டும் கெட்டிருந்தால் காற்றுக்குழாய் நனைவதற்குக் காரணமில்லை. பெட்டியில் காற்றுக்கு இருக்க வேண்டிய இடத்தை ஆயில் அடைத்துக்கொண்டதும், ஓடிச் சூடானபோது விரிந்த ஆயில் கிடைத்த வழியெல்லாம் வெளியேறப் பார்த்ததும் இதிலிருந்து உறுதியாயின.

செய்யலாமா என்று யோசித்து விட்டவை

மிகுதி ஆயிலை வடித்தாயிற்று, ஷூக்களைப் பெட்ரோலில் கழுவி வெயிலில் காயவைத்து மாட்டிவிடலாம் என்பது தம்பியின் யோசனை. பலரும் செய்வதுதான். இரண்டு காரணங்களால் அதை ஏற்கவில்லை. ஷூவின் உராய்வுப் பூச்சு நுண்துளைகள் கொண்டது. ஊறிய ஆயில் மேற்பரப்பில் போனாலும் உள்ளே தங்கி, பிரேக் சூடாகும்போது மீண்டும் வியர்த்து வெளியே வரும். வீட்டு வாசலில் சோதிக்கும்போது நன்றாகப் பிடித்துவிட்டு, நீண்ட இறக்கத்தில் கைவிடும் பிரேக்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அடுத்த காரணம் அந்தக் கொட்டகை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. ஜன்னலில்லாத அறையில் அது தரையோடு படர்ந்து நிற்கும், ஒரு சுவிட்சின் பொறி போதும்.

சீலை மாற்றாமல் அளவை மட்டும் சரிசெய்து பார்க்கலாமா என்பதும் பேசப்பட்டது. எப்படியும் ஷூ மாற்ற சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். கழற்றிய பிறகு, ஒருமுறை கசிந்த பழைய சீலை அப்படியே விட்டுப் புதிய ஷூக்களை அதன் முன்னால் மாட்டுவதில் சிக்கனம் எதுவுமில்லை.

கழற்றியபோது கண்டவை

இந்த வண்டியில் சைலன்சரைக் கழற்றாமல் பின்சக்கரம் வெளியே வராது. இன்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து சைலன்சரை இறக்கினோம். அடுத்தது அச்சு நட். பல ஸ்கூட்டர்களில் இந்த நட்டின் இறுக்கம் நூறு நியூட்டன் மீட்டரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். பின் பிரேக்கை ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் நட்டைத் திருப்புவது வழக்கமான முறை. தம்பி பிரேக்கை முழு வலிமையோடு பிடித்தார். நான் ஸ்பேனரை அழுத்தியபோது நட்டோடு சேர்ந்து சக்கரமும் மெல்லச் சுழன்றது. அதுவரை “கொஞ்சம் வழுக்குகிறது” என்ற அளவில் பேசிக்கொண்டிருந்த பிரேக்கின் உண்மை நிலை அப்போதுதான் மூவருக்கும் தெரிந்தது. பிறகு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன்சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக்கொடுத்து, அக்காவை இருக்கையில் அமரச் செய்து, சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும் நிலையில் நட்டைத் தளர்த்தினோம்.

டிரம்மின் உட்புறம் மை போன்ற கருஞ்சாந்து படிந்திருந்தது. ஷூக்களின் கனம் போதுமானதாகவே இருந்தும் மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னியது. சீலின் உதடு முழுவதும் ஒரே மாதிரி இல்லை: மேற்பாதியில் நெகிழ்வு இருந்தது, கீழ்ப்பாதியில் நகத்தால் அழுத்தினால் வளையாத அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தது. இயல்பான மட்டத்தில் ஆயில் நின்றவரை அந்தச் சீல் தாக்குப்பிடித்தது. மட்டம் உயர்ந்து அழுத்தமும் சேர்ந்தபோது விட்டுக்கொடுத்தது. இரண்டில் எது காரணம் என்று பிரித்துப் பழி சொல்வதைவிட, வயதான சீலுக்கு மிகுதியான ஆயில் ஒரு சோதனையாக அமைந்தது என்று கொள்வதே சரியான வாசிப்பு என நினைக்கிறேன். சீல் உரசும் இடத்தில் தண்டின்மேல் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்த்தோம். நகம் எங்கும் தடுக்கவில்லை. தடுக்கியிருந்தால் புதிய சீலும் விரைவில் கசிந்திருக்கும், வேலை கியர் பெட்டிக்குள் போயிருக்கும்.

பழுது நீக்கிய விதம்

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவில்லை. அந்தத் தூசியில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, நுரையீரலுக்கு அது நல்லதன்று. நனைத்த துணியால் துடைத்தெடுத்து, கதவை முழுதும் திறந்து வைத்துக்கொண்டு பிரேக் கிளீனரால் டிரம்மைக் கழுவினோம். உட்சுவரின் மினுமினுப்பை உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாக லேசாகத் தேய்த்துப் போக்கினோம். டிரம்மின் உள்விட்டம் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருந்த எல்லைக்குள் இருந்தது.

பழைய சீலை நெம்பும்போது அது உட்கார்ந்திருந்த அலுமினியச் சுவரில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையின் நுட்பம். அங்கே விழும் கீறல் புதிய சீலின் வெளிப்பக்கமாகக் கசிவுக்கு வழி செய்யும். புதிய சீலின் உதட்டில் ஆயில் தடவி, சுருள்கம்பி உள்ள பக்கம் ஆயிலை நோக்கியிருக்கும்படி வைத்து, சீலின் வெளிவிளிம்புக்குச் சமமான சாக்கெட்டை மேலே வைத்துச் சீராகத் தட்டி இறக்கினோம். ஷூக்களும் அவற்றின் ஸ்பிரிங்குகளும் புதிதாக மாட்டப்பட்டன. பிரேக் கை சுழலும் அச்சில் மட்டும் அரிசி அளவு கிரீஸ். உராய்வுப் பரப்பைத் துணிப்பிடியோடுதான் தொட்டோம். வடிகால் போல்ட்டுக்குப் புதிய வாஷர் போட்டு, 120 மில்லி லிட்டரை அளந்து ஊற்றினோம். சைலன்சர் வாயில் புதிய கேஸ்கெட் வைத்தோம். அச்சு நட்டை மட்டும் கைக்கணக்கில் விடவில்லை. தெரிந்த மெக்கானிக்கிடம் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை இரவல் வாங்கி வந்து கையேட்டின் எண்ணுக்கு இறுக்கினோம்.

அப்போது தரைச் சரிவின் நினைவு வந்தது. ரச மட்டம் வைத்துப் பார்த்து, சென்டர் ஸ்டாண்டின் காலுக்கு அடியில் மெல்லிய பலகை கொடுத்து வண்டியை நேராக்கிய பின் இன்ஜின் ஆயில் குச்சியைப் பார்த்தோம். முன்பு மேல்கோட்டில் நின்ற ஆயில் இப்போது கோடுகளுக்கு நடுவில் நின்றது. ஆபத்தில்லை, ஆனால் இத்தனை ஆண்டுகளாக அங்கே பார்த்த மட்டமெல்லாம் சரிவோடு சேர்ந்த மட்டம்தான்.

பின்தொடர்ச்சி

பிரேக் பிடியின் தளர்வு கையேட்டில் உள்ள 10 முதல் 20 மில்லி மீட்டருக்குள் வைக்கப்பட்டது. புதிய ஷூக்கள் டிரம்மில் படியும்வரை ஆளில்லாத சாலையில் குறைந்த வேகத்தில் பலமுறை மென்மையாகப் பிடித்து ஓட்டினார் தம்பி. 100 கிலோமீட்டர் கடந்ததும் ரிம்மின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தோம், துணியில் தூசி மட்டுமே ஒட்டியது. ஆயிரம் கிலோமீட்டரிலும் அதே நிலை. வழுக்கலும் கவ்வலும் திரும்பவில்லை என்பதை அக்கா உறுதி செய்தார்.

அந்தக் கொட்டகையில் மாறியவை

கியர் ஆயிலுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் தனித்தனி வடிதட்டுகள் வந்துவிட்டன. பழையது எவ்வளவு வந்தது என்று எழுதாமல் புதியதன் மூடியைத் திறப்பதில்லை. இதற்கு ஒரு வரம்பு உண்டு: பழைய ஆயில் ஏற்கெனவே குறைந்திருந்தால் வந்த அளவே சரியான அளவு ஆகிவிடாது. இரண்டு எண்களும் கையேட்டின் எண்ணும் ஒரே வரியில் இருந்தால்தான் பிசகு தெரியும். அளவுகளும் இறுக்க எண்களும் உள்ள அட்டவணைப் பக்கத்தைப் படியெடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

சர்வீஸுக்குப் பின் ஓட்டுபவர் சொல்லும் குறையை அவருடைய சொற்களிலேயே நோட்டில் எழுதுவது இன்னொரு மாற்றம். என் பார்வையில் இதுவே முக்கியமானது. “வழுக்குது, சில நேரம் கவ்வுது” என்ற வாசகம் அன்றே எழுதப்பட்டுக் கையேட்டின் கோளாறு அட்டவணையோடு ஒப்பிடப்பட்டிருந்தால், இருமுறை நட்டை இறுக்கும் வேலை நடந்திருக்காது. பிரேக் சம்பந்தப்பட்ட குறை ஒன்று சரிசெய்த பிறகும் திரும்பினால், காரணம் தெரியும்வரை வண்டி நிற்கும் என்றும் இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கோளாறோடு நேரடித் தொடர்பில்லாத ஒன்றையும் மாற்றச் சொன்னேன். ஆயில் இளகி வடிய வேண்டும் என்பதற்காக இழுப்புக் கதவைப் பாதி இறக்கிய நிலையில் இன்ஜினை உள்ளேயே ஓடவிடும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைந்துகொள்ளும். இப்போது வண்டியை வெளியே ஓட்டிச் சூடாக்கி, இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் உள்ளே தள்ளி வருகிறார்கள்.

அடுத்த கியர் ஆயில் மாற்றத்தின்போது வெளியே வந்தது 117 மில்லி லிட்டர், ஊற்றியது 120 என்று நோட்டில் பதிவாகியிருக்கிறது. பெல்ட்டையும் ரோலர்களையும் தானே மாற்ற வேண்டும் என்று தம்பி விரும்புகிறார். கிளட்ச் பக்க நட்டைத் திறக்கும்போது புல்லியை அசையாமல் பிடிக்கும் கருவியும் சொந்தமாக ஒரு டார்க் ரெஞ்சும் வாங்கும்வரை அந்த வேலை மெக்கானிக்கிடமே போகும்.